ஏழு ஊசியைப் பங்கு வைத்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கோலப்பன் சாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். லேபிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு மருந்தகத்தின் பின்வாசல் வழியாகப் போயிருந்தேன். அவர் சன்னலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, பத்து மாத்திரைப் பட்டை ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாத்திரை ஒரு துண்டு, நாலு மாத்திரை ஒரு துண்டு.

"சார், சீட்டுல டாக்டர் பத்து நாள் எழுதியிருக்காரே. மூணு நாளைக்குத்தானே வெட்டறீங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமல், "நீ எந்த ஊரு பிள்ளே?" என்று கேட்டார்.

"இங்கதான் சார். சாலை."

"சாலை பஜார்ல பொறந்துட்டா இப்படிக் கேக்கே? ஆளு நெறைய, சரக்கு கொஞ்சம். கடைக்காரன் என்ன செய்வான்? எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுப்பான்லா."

"அது அரிசி சார். இது ஆன்டிபயாட்டிக்."

"பின்னே? ரெண்டும் வயித்துக்குத்தானே போகுது."

சன்னலுக்கு வெளியே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்குச் சன்னல் பக்கத்துச் சிரிப்பு முக்கியம். குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"மூணு நாள்ல காய்ச்சல் விட்டிரும் சார். ஆனா கிட்னில இருக்கற கிருமி போகாது," என்றேன்.

"காய்ச்சல் விட்டா வேலைக்குப் போவான். வேலைக்குப் போனா சோறு திம்பான். சோறு தின்னா கிருமி தானா போகும். பாக்கி ஏழு நாள் தரமாட்டேன்னா சொன்னேன்? மூணு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கோன்னு கவர்லயே எழுதிக் குடுக்கேன், பாரு."

"வர்றாங்களா சார்?"

"வரலன்னா சொகமாயிட்டுன்னு அர்த்தம்." வெட்டிய துண்டை நீலக் கவரில் போட்டு வெளியே நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தச் சன்னல்ல ஏழு வருஷமா நிக்கேன். ஒருத்தன்ட்டயும் 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல, கேட்டியா. இன்னிக்கு கல்ச்சர் போடுவீங்களான்னு ஒருத்தன் வந்து கேட்டா நீ என்ன சொல்லுவே?"

"இன்னிக்கு இல்ல, திங்களும் வியாழனும்தான்னு சொல்லுவேன்."

"பாத்தியா. நீ சொல்லிட்டே. நான் சொல்ல மாட்டேன்."

ரிப்போர்ட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில், வலியசாலைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. இருபது கட்டில், மாடியில் காசு கட்டித் தங்கும் நாலு அறை. பெயர் எழுதப் போவதில்லை. டிரஸ்ட் வருஷத்துக்கு நாலு முறை மருந்து வாங்கும். மூன்று மாதத்துக்கு என்று வாங்கியது இரண்டாவது மாதக் கடைசியில் தீரும் நிலைக்கு வந்துவிடும். மற்ற இடங்களில் அப்போது 'ஸ்டாக் இல்லை' என்று ஒரு அட்டை தொங்கும். நோயாளி அதைப் பார்த்துவிட்டு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ போவான். எங்கள் மருந்தகத்தில் அந்த அட்டை தொங்கியதே இல்லை. கோலப்பன் சாரின் கத்தரிக்கோல் அதைத் தொங்கவிடவில்லை.

பூதப்பாண்டிக்காரர். மருந்தாளர் டிப்ளமா முடித்து இருபத்து நாலு வயதில் திருவனந்தபுரம் வந்தார். சாலையில் ஒரு மருந்துக் கடையில் இருபத்து நாலு வருஷம் நின்றார். அந்தக் கடை மூடியதும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இப்போது வயது ஐம்பத்தொன்பது. சலவை செய்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோல். பதினோரு மணிக்கு ஒரு பழம்பொரி, ஒரு கட்டன்சாயா. பழம்பொரியை மட்டும் யாருக்கும் பங்கு வைத்து நான் பார்த்ததில்லை.

அவர் கடையில் கற்றது ஒரே பாடம்: வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அனுப்பினால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் அந்தப் பாடத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த இடத்துக்குப் போவதுதான் சில பேருக்கு நல்லது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இருந்ததில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். டிரஸ்டின் செயலாளர் வெங்கடசுப்ரமணியன் மைக்கைப் பிடித்து, "நம்ம கோலப்பன் இருக்கற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரிலேர்ந்து ஒருத்தரும் வெறுங்கையோட போகப் போறதில்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கோலப்பன் சார் தலையைக் குனிந்து, பொன்னாடையின் நுனியைத் தடவிக்கொண்டு நின்றார்.

சிறுநீர்த் தொற்றில் இரண்டு வகை உண்டு. சிறுநீர்ப்பையோடு நிற்பது ஒன்று; அதற்குச் சில மருந்துகள் மூன்று நாள் போதும். மேலே ஏறி சிறுநீரகத்தைப் பிடிப்பது இன்னொன்று. அதில் குளிரும் காய்ச்சலும் வாந்தியும் விலாவில் வலியும் வரும், ஏழு முதல் பதினாலு நாள் வரை மருந்து வேண்டும். இது மருந்தாளர் படிப்பில் இருக்கிறது. கோலப்பன் சார் படித்தவர்தான். ஆனால் அவருடைய சன்னலில் இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஆறு மாத்திரை.

அவர் கெட்டவர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். ஷீனா சிஸ்டர் இன்றும் சொல்கிறாள். எனக்கு அதில் தகராறு இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் யாராவது அவர் கையைக் கவனித்திருப்பார்கள்.

மாடம்மாள் முதலில் வந்தது போன வருஷம் கர்க்கடகத்தில், அதாவது ஆடியில். சங்கரன்கோவில் பக்கம் ஊர். முப்பத்தெட்டு வயது. விழிஞ்ஞத்தில் துறைமுகத்தை ஒட்டி எழும்பும் கட்டடங்களில் கலவை சுமக்கிறாள். புருஷன் வேல்சாமி அங்கேயே கம்பி கட்டுகிறார். வந்த அன்று அவளுக்குப் பல் கிட்டிக்கும் குளிர். இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தவளிடம் பாட்டிலைக் கொடுத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துத் தரச் சொன்னேன்.

"மூத்திரத்துல முன்னே பின்னேயெல்லாம் உண்டா யம்மா?" என்று கேட்டாள். அந்தக் குளிரிலும் சிரித்தாள்.

"தண்ணி நிறைய குடிப்பீங்களா?"

"குடிச்சா போகணும்லா. சைட்ல ஆம்பளயாளுக்குத்தான் மறப்பு கட்டியிருக்கு. நாங்க விடியுமுன்ன போனா, பெறகு இருட்டினப்பறம்தான். அதனால சோறு திங்கயில ஒரு மடக்கு, அம்புட்டுத்தான்."

அன்று செவ்வாய்க்கிழமை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டு போடும் நாள் இல்லை. நுண்ணோக்கியில் சீழணுக்கள் நிறைந்து கிடந்தன. அதை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வினய் இரண்டு நாள் ஊசி போட்டு, பத்து நாள் மாத்திரை எழுதி அனுப்பினார். கோலப்பன் சார் ஆறு மாத்திரை கொடுத்தார். பாக்கியை வாங்க விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். காய்ச்சலும் விட்டுவிட்டது. அவள் வரவில்லை. கோலப்பன் சாருடைய கணக்கில் அவள் சுகமாகிவிட்டாள்.

கன்னி மாதம், புரட்டாசியில், மறுபடி வந்தாள். அதே குளிர், அதே விலா வலி. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். கத்தரிக்கோல் அதையும் வெட்டியது.

மூன்றாவது முறை துலா மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை வந்தாள். அந்தத் தடவை வேல்சாமி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று தட்டு போட்டேன். சனிக்கிழமை திறந்து பார்த்தபோது, தட்டில் வைத்த மருந்து வில்லைகளைச் சுற்றி, மருந்து கேட்டால் விழும் தெளிவான வட்டம் இருந்திருக்க வேண்டிய இடங்களில் கிருமி வில்லையின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. அவள் சாப்பிட்ட இரண்டு மாத்திரைகளுக்கும் வட்டம் இல்லை. வார்டில் வியாழனிலிருந்து போட்டுக்கொண்டிருந்த ஊசிக்கும் இல்லை. வட்டம் விழுந்தவை மூன்று. ஒன்று, அவளுடைய சிறுநீரகம் இருந்த நிலையில் டாக்டர் தொடப் பயந்த மருந்து. இன்னொன்று நைட்ரோஃப்யூரன்டாயின் என்கிற மஞ்சள் மாத்திரை. அது சிறுநீர்ப்பைக்கு மட்டும்தான் ஆகும், சிறுநீரகத்தின் சதைக்குள் போய்ச் சேராது. மூன்றாவது எர்டாபெனம். தினம் ஒன்றாக ஏழு நாள் போட வேண்டிய விலை கூடிய ஊசி. எங்கள் டிரஸ்ட் அதை ஒருநாளும் வாங்கியதில்லை.

ஆனால் அப்போது எங்களிடம் அது இருந்தது. யாரோ ஒரு வீட்டில் அப்பாவுக்குப் பத்து குப்பி வாங்கியிருந்தார்கள். மூன்று போட்டதும் அவர் இறந்துவிட்டார். மீதி ஏழையும் டிரஸ்டுக்கு தானமாகக் கொடுத்துவிட்டார்கள். சூடு படக் கூடாது என்பதால், ஏ.சி. இருக்கும் ஒரே அறையான லேபில், என் மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்திருந்தோம். சாவி கோலப்பன் சாரிடம்.

டாக்டர் வினய் திங்கட்கிழமை லேபுக்கு வந்து என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடி வழியாகக் குப்பிகளை எண்ணினார்.

"ஏழு இருக்கில்லே? மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணலாம்னு இருந்தேன். ஏழு இருக்குன்னா இங்கயே முடிச்சிடலாம்," என்றார். அவர் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் எப்போதும் யாரோ பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அன்று அவர் எண்ணியது சரியான எண்ணிக்கை. ஏழு நாள், ஏழு குப்பி, ஒரு ஆள். அதை நம்பித்தான் அவளை எங்கள் வார்டிலேயே வைத்தார்கள்.

திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று. செவ்வாய் மாலையில் அவளுக்குக் குளிர் நின்றது. கஞ்சி குடித்தாள் என்று ஷீனா வந்து சொன்னாள்.

புதன்கிழமை செயலாளர் வெங்கடசுப்ரமணியன் லேபுக்கு வந்தார். அவருடைய அம்மா சிவகாமியம்மாள் இரத்த அழுத்தம் பார்க்க என்று மாடி அறையில் தங்கியிருந்தார். எண்பத்தோரு வயது. முந்தின வாரம் அந்த அம்மாளின் சிறுநீரை ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்து, நாலு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள். நான் திருப்பி அனுப்பினேன். செயலாளர் போன் செய்தார். மறுபடி சரியான பாட்டிலில் வாங்கித் தட்டு போட்டேன். கிருமி வளர்ந்தது. அந்த வயதில் நிறையப் பெண்களுக்கு வளரும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எரிச்சல் இல்லை என்றால் அதற்கு மருந்தே வேண்டாம். அது டாக்டர் வினய்க்கும் தெரியும்.

அன்றைய குப்பியை எடுக்க வந்திருந்த கோலப்பன் சாரின் தோளுக்கு மேலாகச் செயலாளர் அலமாரியை எட்டிப் பார்த்தார். "ஏதோ பெரிய ஊசி வந்திருக்காமே. கோலப்பா, அம்மாவுக்கும் ரெண்டு மூணு போட்டுடச் சொல்லேன். யூரின்ல கிருமி இருக்குன்னு இவளே எழுதியிருக்கா. வயசானவா, எதுக்கு ரிஸ்க்?"

கோலப்பன் சார் என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கென்ன சார், இருக்கு. டாக்டர்ட்ட சொல்லிரலாம்," என்றார்.

"ஸ்டாக் போதுமோல்லியோ?"

"எல்லாம் வரும் சார்."

செயலாளர் போன பிறகு நான் சொன்னேன். "சார், கீழ வார்டுல இருக்கற அம்மாவுக்கு ஏழும் வேணும்."

"ஏழு இருந்தா ஏழும் ஒருத்திக்கேவா? நீ என்ன பிள்ளே இப்படி இருக்கே."

"மேல இருக்கறவங்களுக்கு நோயே இல்ல சார்."

"உன் ரிப்போர்ட்ல கிருமின்னு எழுதியிருக்கா, இல்லியா? எழுதிட்டு இப்பம் நோய் இல்லங்கே. ஒரு அம்மா, இன்னொரு அம்மா. நமக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

டாக்டரிடம் போனேன். அவர் இயர்போனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினார். "செக்ரட்டரி கேட்டாரு. எழுதாம இருக்க முடியுமா? ஸ்டோர்ல கேட்டேன், வரும்னு கோலப்பன் சொன்னாரே," என்றார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

புதன் இரண்டு குப்பி போயிற்று. வியாழன் இரண்டு. வெள்ளிக்கிழமை காலை அலமாரியில் ஒன்று இருந்தது.

கோலப்பன் சார் அதை எடுத்தபோது நான் எழுந்து நின்றேன். "யாருக்கு சார்?"

"மாடிக்கு. அம்மாவுக்கு இன்னிக்குக் கடைசி."

"வார்டுல அஞ்சாவது நாள் சார்."

"அவளுக்கு நாலு ஆயிட்டுலா. காய்ச்சல் இல்ல, கஞ்சி குடிக்கா. இவங்களுக்கு மூணு எழுதி ரெண்டு போட்டுட்டு நிறுத்தினா நல்லாவா இருக்கும்? கோர்ஸ் முடிக்க வேண்டாமா? நீதானே எப்பவும் சொல்லுவே, கோர்ஸ் முடிக்கணும், கோர்ஸ் முடிக்கணும்னு."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தார் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் அவர் முழுதாக முடித்துக் கொடுத்த முதல் மருந்து அது என்று நினைக்கிறேன். நோய் இல்லாத ஒருவருக்கு.

அன்று வார்டுக்கு ஊசி போகவில்லை. ஷீனா இறங்கி வந்து மருந்தகத்தில் கேட்டாள். "நாளைக்கு வரும் சிஸ்டரே" என்றார். வேல்சாமி வந்து கேட்டார். அவரிடமும் "நாளைக்கு வரும்" என்றார். எங்கிருந்து வரும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கோலப்பன் சார் யாருக்கும் போன் செய்யவில்லை, யாருக்கும் எழுதவில்லை. 'நாளைக்கு வரும்' என்பது அவர் 'இல்லை' என்று சொல்லும் முறை. அதை மொழிபெயர்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் காத்திருப்பார்கள்.

வெறுங்கையோடும் அனுப்பவில்லை. என் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மஞ்சள் மாத்திரைக்கு நேரே நான் போட்டிருந்த குறியைப் பார்த்தார். அது ஸ்டோரில் நிறைய இருந்தது. வேல்சாமி கையில் ஆறு கொடுத்தார். "ஊசி வர்ற வரைக்கும் இத குடு. லேப்லயே எழுதியிருக்கு, இது கேக்கும்னு." நோயாளி வார்டில் இருக்கும்போது டாக்டர் எழுதாத மாத்திரையை வீட்டுக்காரர் கையில் கொடுக்கக் கூடாது என்பது எல்லா மருந்தாளருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை டாக்டர் வினய் தேர்வு எழுத எர்ணாகுளம் போய்விட்டார். இரண்டு நாளும் அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரும் டாக்டர் ஒருவர்தான். அன்று மதியம் ஷீனா லேபுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"சுப்ரியே, ஆ சேச்சிக்குப் பின்னேயும் பனி. நூற்றி ஒண்ணு."

மாடம்மாளுக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிட்டது என்று மலையாளத்தில் சொன்னாள். நான் வார்டுக்குப் போனேன். மாடம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, இடது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வேல்சாமி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் மாத்திரைப் பட்டை, நாலு தீர்ந்திருந்தது.

"அண்ணே, இந்த மாத்திரை இவங்களுக்குப் போதாது," என்றேன். "ஊசி இங்க வராது. மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே போங்க. ரிப்போர்ட் நான் எழுதித் தரேன், அங்க காட்டினா போதும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு வரும்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரும்மா."

"நேத்தும் அப்படித்தானே சொன்னாரு."

"மழைக்கு லாரி வரலியாம்." லாரி என்பதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, கோலப்பன் சார் சொல்லியிருக்கலாம், அவரே யோசித்திருக்கலாம். "அவரு சொன்னா வரும். நாங்க இங்க மூணு தடவ வந்துட்டோம், ஒருக்காகூட இல்லன்னு சொன்னதில்ல. நீங்க அந்தப் பாட்டில மட்டும்தான குடுக்கிய. ஒங்களுக்கு மருந்து வெவரம் எப்படித் தெரியும்?"

"அண்ணே, நான் சொல்றது..."

"இங்க எங்கள வேண்டாம்னா நேராச் சொல்லிருங்கம்மா. கட்டிலு வேற ஆளுக்கு வேணும்போல."

மாடம்மாள் சுவரைப் பார்த்தபடியே, "ஏன்யா அந்தப் புள்ளயப் போட்டு ஏசுத. நல்லதுக்குத்தான சொல்லுது," என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச அவளுக்குத் தெம்பு இல்லை.

நான் ரிப்போர்ட்டின் இன்னொரு பிரதியை எழுதி அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதை நாலாக மடித்து மாத்திரைப் பட்டைக்கு அடியில் வைத்தார். ஷீனாவிடமும் சொன்னேன், கூப்பிட்டால் வரும் டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன். டாக்டர் போனிலேயே காய்ச்சலுக்கு ஏதோ சொன்னார். காய்ச்சல் இறங்கியது. மாலையில் கோலப்பன் சார் வார்டுக்குப் போய் அவளைப் பார்த்து, "கொறஞ்சிட்டுலா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு இரத்த அழுத்தம் விழுந்தது. கை கால் சில்லிட்டு, பேச்சு குழறியது. ஷீனா யாரிடமும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அந்த வாரம் அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அது. மெடிக்கல் காலேஜில் ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் கல் அடைத்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. ஊசியும் குழாயும் வைத்து எட்டு நாள் காப்பாற்றப் பார்த்தார்கள். பிறகு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். கலவைச் சட்டி இனிமேல் சுமக்க முடியாது.

ஏழு ஊசியும் போட்டிருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கல் இருந்தது, எங்களிடம் ஸ்கேன் இல்லை, அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சன்னலில் ஒரு வார்த்தை உண்மையாக வந்திருந்தால், இரண்டு நாள் முன்னாலேயே அவள் அங்கே போயிருப்பாள். அந்த இரண்டு நாளைக் கோலப்பன் சார் தன் நல்ல பெயருக்காகச் செலவழித்தார்.

டிரஸ்ட் கூட்டத்தில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. தானமாக வந்த மருந்து இரண்டு நோயாளிகளுக்குப் பயன்பட்டது என்று அறிக்கையில் எழுதினார்கள். சிவகாமியம்மாள் நல்லபடியாக வீட்டுக்குப் போனார், வந்தபோதும் நல்லபடியாகத்தான் இருந்தார். டாக்டர் வினய்க்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கோலப்பன் சார் இன்றும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

விருச்சிக மாதத் தொடக்கத்தில், கார்த்திகை பிறந்த சமயம் ஒரு நாள், பழம்பொரி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவர் லேபுக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். முகத்தில் சந்தனம் வியர்வையில் கரைந்திருந்தது.

"வேல்சாமி வந்து நிக்கான், பாத்துக்க," என்றார்.

"சண்டைக்கா சார்?"

"சண்டைக்கு வந்தாதான் பரவாயில்லியே. கும்பிட்டுட்டு நிக்கான். அங்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஊசி உண்டாம். நம்மகிட்ட பாக்கி மூணு இருக்கே, அது அவளுக்கு உள்ளதுதானே, எதுக்கு விடணும்னு வாங்கிட்டுப் போக வந்திருக்கான். பையெல்லாம் கொண்டுவந்திருக்கான். ஐஸ் போட்ட பை."

நான் கையில் இருந்த தட்டை மூடி வைத்தேன்.

"நாளைக்கு வரும்னு சொல்ல வாயெடுத்தேன். அவன் சிரிச்சான். 'பரவாயில்ல அண்ணாச்சி, நாளைக்கும் வாறேன்'னான். நாளைக்கு வருவான். மத்தநாளும் வருவான். வெவரமில்லாத ஆளு."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அது காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். பிறகு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, என்னிடம் மெதுவான குரலில் பேசினார்.

"மக்களே, எனக்கு ஒரு உபகாரம் செய். நீ அந்தச் சன்னல்ல போய் நின்னு, அவன்ட்ட இல்லன்னு சொல்லிரு."